ஏரிக்கரையில் அண்ணிக்குக் கொடுத்த மன்னிப்பு

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை நடந்தது. அரசாங்கத்திடம் மன்னிப்பு வாங்குவதற்குக்கூட ஒத்திகை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தாலுக்கா ஆபீசிலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருவர், ஏரிக்கரையில் பாதி கட்டி நின்ற பந்தலுக்குக் கீழே என் அண்ணியையும் தண்டனை அனுபவித்த மற்றவர்களையும் வரிசையாக நிறுத்திவைத்தார். மேடைப் படி ஏறுவது எப்படி, மந்திரி முன்னால் எங்கே நிற்பது, எந்தப் பக்கமாக இறங்குவது எல்லாவற்றையும் கன்னடத்தில் சொல்லிக்கொடுத்தார். முன்வரிசையில் இருப்பவர்கள் கைதட்டும்போது நீங்களும் தட்டுங்கள், அவர்கள் நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள் என்றார்.

இறந்துபோனவர்களுக்குப் பதிலாக வீட்டார் போட்டோ எடுத்துவர வேண்டும். எல்லாப் போட்டோவும் ஒரே அளவில் இருந்தால் டிவியில் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு வீட்டில் மாமனார் படம் ஆதார் அட்டையில் இருந்தது மட்டும்தான். அதைப் பெரிதாக்கினால் முகம் கலைந்துபோகிறது என்று மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பர்வாகில்லம்மா, தூரத்துல இருந்து யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அதிகாரி. கெட்ட மனுஷன் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார். ஏரி அன்றைக்கு அப்படி நாறியது.

நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்கிறவள். அண்ணன் வீடு ஆனேக்கல் பக்கம், இந்த ஏரியை ஒட்டின லேஅவுட்டில். அண்ணன் போன பிறகும் அண்ணியோடு எனக்கு உறவு விட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறிப் போய்ச் சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டு வருவேன். அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்றைத் தவிர. அதை அண்ணி கடைசியில்தான் சொன்னார்.

நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள். அப்பா சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சு முழுக்கக் கல்தூசியோடு செத்தார். சுரங்கத்தை மூடின பிறகும் அரைத்துக் கொட்டின மண் மலைமலையாக அங்கேயே கிடந்தது. காற்றுக் காலத்தில் அந்தப் பொடி தட்டில் இருக்கிற சோற்றின்மேல் விழும். சயனைடு மண். அண்ணனுக்குக் கல்யாணம் பேசும்போதே, "என் பிள்ளைங்க இந்தத் தூசில வளரக்கூடாது" என்று சொல்லிவிட்டான். ஆனேக்கல் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. ஏரிக்கரையில் சைட் வாங்கி வீடு கட்டினான். நான் முதல்முறை போனபோது ஏரியில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நின்றன. அண்ணன் ஒரு டம்ளர் போர்வெல் தண்ணீரை என் கையில் கொடுத்து, "குடிச்சிப் பாரு, எப்படி கீது!" என்று பெருமையாகப் பார்த்தான். இனிப்பாகத்தான் இருந்தது.

தூசியிலிருந்து தப்பித்துத் தண்ணீரில் வந்து விழுந்தோம் என்று பிறகு அண்ணி சொல்வார்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கெமிக்கல் தொழிற்சாலை வந்தது. அங்கே மிஞ்சுகிற கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வேறெங்கோ கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அவ்வளவு தூரம் போவானேன்? விடியும் முன்னால் டாங்கர் லாரி வரும், ஏரிக்கு மழைத் தண்ணீர் வருகிற ராஜகாலுவே என்ற பெரிய கால்வாயில் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடும். முதலில் நுரை வந்தது. அப்புறம் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. போர்த் தண்ணீர் மஞ்சளானது. குழந்தைகளுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்தது. அண்ணி அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம் ஏறியது. அண்ணனுக்குக் கால் வீங்க ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். கிட்னி என்றார்கள்.

அண்ணி ஏறாத ஆபீஸ் இல்லை. அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார்கள். அவர்கள் வருகிற வாரம் மட்டும் டாங்கர் வராது. செத்த மீன்களை டிவியில் காட்டின பிறகுதான் அரசாங்கம் தொழிற்சாலைமேல் ஒரு வழக்குப் போட்டது. வழக்குப் போட்டாயிற்று என்று டாங்கர் நிற்கவில்லை.

ஒருநாள் பெண்களெல்லாம் காலிக்குடங்களோடு டாங்கர் வருகிற பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் சில ஆண்களும் நின்றார்கள். அண்ணனும் வீங்கின காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். டாங்கர் வந்தது. டிரைவர் ஓசூர்ப் பக்கத்துப் பையன், தமிழ்க்காரன்தான். "நகருங்க அக்கா, நான் இன்னா பண்றது, சொன்ன எடத்துல கொட்றேன்" என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சினான். வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தபோது ஒரு கல் பறந்து வந்தது. கண்ணாடி உடைந்து சில்லு அவன் இடது கண்ணில் பாய்ந்தது. கதவைத் திறந்துகொண்டு கீழே விழுந்து, முகத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டான். அண்ணிதான் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே போலீஸ் அண்ணியைப் பிடித்தது. பாதையில் இருந்த மற்றவர்களையும் பிடித்தார்கள், நோயாளி என்று அண்ணனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கல்லை எறிந்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் பிடிபட்ட எல்லோரும் சேர்ந்து எறிந்ததாக ஆனது. கலவரம், சொத்துச் சேதம், பலத்த காயம். எங்கள் வழக்கு நன்றாக ஓடியது. சாட்சிகள் நேரத்துக்கு வந்தார்கள், தீர்ப்பு வந்தது, அப்பீலும் தோற்றது. தொழிற்சாலை மேலிருந்த வழக்கு மட்டும் வாய்தாவுக்குமேல் வாய்தாவாக அப்படியே கிடந்தது. அண்ணி பரப்பன அக்ரஹாரம் ஜெயிலுக்குப் போனபோது அண்ணன் டயாலிசிஸில் இருந்தான். அவர்கள் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதெல்லாம் அவளும் நானும்தான்.

அண்ணி உள்ளே இருக்கும்போதே அண்ணன் செத்தான். சில மணி நேரம் வீட்டுக்குப் போய்வர அனுமதி கொடுத்தார்கள். கூடவே இரண்டு பெண் போலீஸ். எங்கள் குடும்பம் பௌத்தம், பெரிய சடங்கெல்லாம் கிடையாது. குளிப்பாட்டிப் புதுத் துணி உடுத்தி, பஞ்சசீலம் சொல்லி எடுக்க வேண்டும். குளிப்பாட்ட ஒருவர் குழாயைத் திறந்தார். மஞ்சளாக வந்தது.

"வேணாம்," என்றார் அண்ணி. அதுவரை அழாமல் வாசலில் நின்றிருந்தார். "உயிரோட இருக்கறப்ப இதத்தான் குடிச்சாரு. இப்பவாவது நல்ல தண்ணி ஊத்துங்க."

மகள் ஓடிப்போய்க் கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி வந்தாள். மூடியிலிருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒரு பெண் போலீஸ் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுடுகாடு வரைக்கும் போக நேரம் இல்லை என்று பாடையைத் தூக்கும்போதே அண்ணியை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தெருமுனையில் பாடை இடப்பக்கம் திரும்பியது, ஜீப் வலப்பக்கம் திரும்பியது.

வெளியே வந்தபோது அங்கன்வாடி வேலை இல்லை. தண்டனை பெற்றவருக்கு வேலை கொடுக்க விதி இடம் கொடுக்காதாம். மகளைப் பார்க்க வந்த ஒரு வரன் வீட்டார், காபியைக் குடித்து முடித்த பிறகு, "ஜெயிலுக்குப் போனது அப்பாவா, அம்மாவா?" என்று கேட்டார்கள். அம்மா என்றதும் எழுந்து போனார்கள். அப்பா என்றிருந்தால் உட்கார்ந்திருப்பார்களோ என்னவோ.

இப்படி இருக்கும்போதுதான் மன்னிப்புச் செய்தி வந்தது. ஏரிக்காகப் போராடித் தண்டனை பெற்றவர்களை அரசாங்கம் பெரிய மனதோடு மன்னிக்கப் போகிறது என்றார்கள். அதற்கு முதலில் மன்னிக்கச் சொல்லி நாங்கள் மனு கொடுக்க வேண்டும்.

"நான் கேக்கணுமா?" என்றார் அண்ணி. "அவங்கதான் எங்களக் கேக்கணும்."

மகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அம்மா, ஒரே ஒரு தடவ பேசாம இரும்மா. எனக்காக." அவள் குரலில் கெஞ்சலைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. அண்ணி கையெழுத்துப் போட்டார்.

விழா அன்று காலையில் நுரையை வலை போட்டுக் கரையோரம் ஒதுக்கினார்கள். பெரிய மின்விசிறிகள் வைத்து, அதற்கு முன்னால் பன்னீர் மாதிரி ஏதோ தெளித்தார்கள். நாற்றமும் வாசனையும் சேர்ந்து குமட்டிக்கொண்டு வந்தது. மேடையில் மந்திரிக்கு அடுத்த நாற்காலியில் தொழிற்சாலை முதலாளியின் மகன். பந்தலும் மதியச் சாப்பாடும் அவர்கள் செலவு என்று மைக்கில் இரண்டு முறை சொன்னார்கள். குழந்தைகள் தப்புச் செய்தால் தாய் மன்னிக்க மாட்டாளா, சர்க்கார் என்பது தாய்தான் என்று மந்திரி பேசினார். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் படி ஏறினார்கள். போட்டோக்களும் ஏறின. மந்திரி போட்டோக்களுக்கும் சால்வை போர்த்தினார். அந்த முகம் கலைந்த படத்தின்மேல் சால்வை நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. மருமகள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டிவிக்காரர்களைப் பார்த்து நின்றாள்.

அண்ணி முறை வந்தபோது மைக்கில் ஏதோ அறிவித்தார்கள். மேடையின் மறுபக்கத்திலிருந்து அந்த டிரைவரைக் கூட்டிவந்தார்கள். ஒத்திகையில் இதைச் சொல்லவே இல்லை. தொழிற்சாலை காவலாளி உடுப்பில் இருந்தான். இடது கண் மூடித் தைத்தது போலிருந்தது. கையில் ஒரு மாலையைக் கொடுத்து அண்ணிக்குப் போடச் சொன்னார்கள். அவன் போட்டான். கேமராக்கள் சுற்றிக்கொண்டன. சேர்ந்து நிற்கச் சொன்னார்கள். அந்த நெருக்கத்தில் அவன் அண்ணி காதோரம் குனிந்து பேசியதை அண்ணி பிறகு எனக்குச் சொன்னார்.

"நான் உங்கள மன்னிக்கல. என்ன யாரும் கேக்கல."

"எங்களயும் யாரும் கேக்கல," என்றாராம் அண்ணி.

அதன் பிறகுதான் மந்திரி கடைசி அறிவிப்பைச் செய்தார். மக்கள் மேலிருந்த கறை போயிற்று. இனி இந்த ஊரில் பகை வேண்டாம். அதே நல்லெண்ணத்தோடு, தொழிற்சாலை மேலுள்ள வழக்கையும் சர்க்கார் திரும்பப் பெறுகிறது. இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்ட பிறகு வழக்கு எதற்கு?

முன்வரிசை கைதட்டியது. ஒத்திகையில் சொன்னபடி எங்கள் ஆட்களும் தட்டினார்கள். பாதிப் பேருக்கு மந்திரியின் கன்னடம் முழுசாகப் புரியவில்லை. புரிந்தவர்களும் தட்டினார்கள், கை முதலில் போய்விட்டது. போட்டோ பிடித்திருந்தவர்கள் மட்டும்தான் தட்டவில்லை, கை காலியாக இல்லாததால். அண்ணி மேடையில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த மனுவில் அவர் போட்ட கையெழுத்து இதற்குத்தான் என்று அவருக்கு அப்போது விளங்கியது. எங்களை மன்னித்ததே அவர்களை விடுவிப்பதற்கு ஒரு சாக்கு. பிள்ளையைக் காட்டி அப்பனும் டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறுகிற மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "வா, ஓரிடம் போகணும்" என்று அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு அந்த டிரைவர் வீட்டுக்குப் போனார். தொழிற்சாலைக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒற்றை அறை. அவன் மனைவி எங்களை உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றோம். அவன் வெளியே வந்து நல்ல கண் இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பி அண்ணியைப் பார்த்தான்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க," என்றான். "கோர்ட்ல கேட்டேன், போலீஸ்ல கேட்டேன். யாரும் சொல்லல. அது தெரிஞ்சா போதும்."

"என் வீட்டுக்காரர்," என்றார் அண்ணி.

என் அண்ணன் எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிறவன். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி பின்னால வந்துது. பின்னால கொழந்தைங்க நின்னுகினு இருந்தாங்க. டயர்மேல எறிஞ்சாராம். கை நடுங்கற மனுஷன், கல்லு மேல போயிடுச்சு. சொன்னா டயாலிசிஸ் நடுவுல இழுத்துகினு போவாங்கன்னு நான்தான் வாயத் தொறக்க வேணாம்னுட்டேன்."

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "செத்துட்டாரா?" என்று கேட்டான்.

"செத்துட்டாரு."

"நல்லபடியா செத்தாரா?"

"இல்ல. மூச்சு வுட முடியாம செத்தாரு. நான் பக்கத்துல இல்ல."

"சரி," என்றான் அவன். அந்தச் சொல்லில் திருப்தியா இரக்கமா எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. இத்தனை வருஷமாகக் காத்திருந்த சாமான் கைக்கு வந்து, அது காலி டப்பா என்று பார்த்தவன் மாதிரி நின்றான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். விரலிடுக்குகளில் வெள்ளையாக ஏதோ மருந்து தடவியிருந்தது. அண்ணி அந்தக் கைகளையே பார்த்தார். "தம்பி, இந்த வழக்க வாபஸ் வாங்கினது செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போகப்போறேன். நீயும் கூட வா. எங்களால கண்ணு போனவன் நீயே வந்து சொன்னா கேப்பாங்க."

"கண்ணு போனதுக்குத்தான் இந்த வாட்ச்மேன் வேல குடுத்தாங்க," என்றான். "இதுவும் போச்சுன்னா? நீங்க போங்கக்கா. இன்னொரு தடவ இங்க வராதீங்க. கேமரா வெச்சிருக்காங்க." பெண்ணை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வக்கீல் ஒருத்தர் கிடைத்தார். நேர்மையானவர், அதனால் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். எல்லாம் ஒரே உத்தரவில் இருக்கிறது. அதை எதிர்த்தால் உங்கள் மன்னிப்பையும் சேர்த்துத்தான் எதிர்க்க வேண்டியிருக்கும். மறுபடி குற்றவாளி ஆகிவிடுவீர்கள், பரவாயில்லையா? அண்ணி பரவாயில்லை என்றார். மற்றவர்கள் விடவில்லை. கூடவே ஜெயிலில் இருந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். ஒருவர் மகனுக்கு அரசாங்க வேலைக்கு மனு போட்டிருந்தார். இன்னொருவர் நகராட்சியில் போன வேலையைத் திரும்பக் கேட்டிருந்தார். "உனுக்கு மட்டும்தான் ரோஷம் கீதா? இப்பதான் நாங்க மனுஷங்களாயிருக்கோம், அத ஏன் கெடுக்கற?" என்று, மேடையில் மாமனார் படத்தைப் பிடித்து நின்ற அந்த மருமகள் மண்ணை வாரித் தூற்றினாள்.

மகள் தூற்றவில்லை. துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது, "அப்பாவுக்காக நீ ஜெயிலுக்குப் போன. ஏரிக்காகக் கோர்ட்டுக்குப் போற. எனக்காக எங்கயாவது போயிருக்கியா?" என்று கேட்டாள். அண்ணி அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொடுத்தார்.

கோர்ட்டில் அண்ணியின் மனு நிற்கவில்லை. நீங்களே கேட்டு வாங்கி, மேடையேறி மாலையும் போட்டுக்கொண்ட மன்னிப்பை இப்போது வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் விழா போட்டோவைக் காட்டினார். அதில் அண்ணியும் டிரைவரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். அவன் அண்ணி காதில் ஏதோ சொல்ல, அண்ணி வாய் திறந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பது போலத்தான் இருக்கும். சமாதானத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஏரிக் கழிவைப் பற்றி என்றால் வேறு மன்றத்தில் முறையிட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல் அங்கேயும் மனு போட்டிருக்கிறார். அது வரிசையில் இருக்கிறது.

அண்ணிக்கும் இப்போது கால் வீங்குகிறது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, நடைபாதை போட்டு, பெஞ்சுகள் வைத்திருக்கிறார்கள். காலையில் அபார்ட்மென்ட்காரர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். கழிவு மட்டும், டாங்கர் திறந்துவிடுவதற்கென்று வேலிக்கு அடியில் குழாய் போட்டதிலிருந்து, ஒழுங்காக ஏரிக்குள் போகிறது.

போன வாரம் லீவு போட்டு நான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில், பட்டப்பகலில், அதே பாதையில் டாங்கர் வந்தது. ஸ்டியரிங்கில் புதிதாக ஒருவன், இரண்டு கண்ணும் நன்றாக இருந்தவன். ஹாரன் அடித்தான். அண்ணி நடுப்பாதையில் நின்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவன் மறுபடி அடித்தான், தலையை வெளியே நீட்டி, "ஏ அம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா?" என்றான்.

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். "வா, பதினோரு மணிக்குள்ள போலன்னா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க," என்று எனக்கு முன்னால் நடந்தார்.